திருகோணமலையில் ஒரு வேதபாடக் குழு தொடங்க: எந்த முறை யாருக்குப் பொருந்தும்?

தவக்காலம் நெருங்கும்போதோ புது வருடம் பிறந்ததுமோ சபையில் யாராவது எழுந்து, "இந்த வருசம் ஒரு வேதபாடக் குழு தொடங்குவம்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நாள் குறிப்பார்கள், யார் வீடு என்று முடிவெடுப்பார்கள், தேத்தண்ணீர் யார் பொறுப்பு என்றுகூடப் பேசுவார்கள். எந்த முறையில் படிக்கப் போகிறோம் என்பதை மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஐந்தாம் கிழமை வரும்போது பதினெட்டுப் பேர் ஆறு பேராகியிருப்பார்கள். அந்த ஆறு பேரிலும் ஒருவர்தான் பேசிக்கொண்டிருப்பார். ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்லி மூடிவிடுகிறோம். அநேகமான இடங்களில் பிழை முறையில்தான் இருக்கிறது. வந்த ஆட்களுக்கு அது பொருந்தவில்லை.

இங்கே நடைமுறையில் ஐந்து வழிகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன: குருவானவர் அல்லது போதகர் நடத்தும் வகுப்பு, அன்பியங்களில் (கத்தோலிக்கப் பங்கின் சிறு அயல்குழுக்களில்) வழங்கும் ஏழு படி முறை, ஒரு புத்தகத்தை எடுத்துக் கேள்வி கேட்டுப் படிக்கும் முறை, அச்சிட்ட பாடக்கொப்பி, வட்ஸ்அப் அல்லது ஸூம். எதை எடைபோட்டாலும் ஒரு கேள்வியை அளவுகோலாக வையுங்கள்: குழுவில் ஆகக் குறைவாக வாசிக்கத் தெரிந்தவர், ஆகக் கூச்சமுள்ளவர் வாய் திறக்கிறாரா? பேசத் தெரிந்தவர்களுக்குப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. கடைசி வரிசை அம்மாவும், வலை இழுத்துவிட்டு வரும் அண்ணனும், ஓ.எல். எழுதப்போகும் பிள்ளையும் வசனத்தை விரலால் தொட்டு "இது என்ன?" என்று கேட்கக்கூடிய ஒரே இடம் சிறு குழுதான். அது கிடைக்காவிட்டால் குழு இன்னொரு பிரசங்கக் கூட்டமாக முடியும்.

வகுப்பு

படித்த ஒருவர் முன்னால் நின்று விளக்குவதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. தானியேல், ரோமர், எபிரெயர், வெளிப்படுத்தின விசேஷம் போன்ற புத்தகங்களை வழிகாட்டி இல்லாமல் வீட்டு விறாந்தையில் திறந்தால், மூன்றாம் கிழமை யாராவது ஒருவர் யூடியூபில் கேட்ட உலகமுடிவுக் கணக்கோடு வந்து நிற்பார். அந்த இடத்தில் இறையியல் படித்தவரின் குரல் வேண்டும். மூலமொழி, வரலாறு, திருச்சபை இதுவரை அந்தப் பகுதியை எப்படி வாசித்து வந்திருக்கிறது என்பவற்றை ஒரு மணி நேரத்தில் அவர் கொட்டித் தருவார். குழு அதைத் தேட ஒரு மாதம் பிடிக்கும்.

குறை இரண்டு. முதலாவது, கேள்வி எழாது. "ஏதும் சந்தேகம் இருக்கா?" என்று கடைசியில் கேட்டால் எங்கள் ஆட்கள் தலையைக் குனிவார்கள். சுவாமியிடமோ ஐயாவிடமோ எல்லாருக்கும் முன்னால் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. இரண்டாவது, இடமாற்றம். அருட்தந்தையும் மெதடிஸ்த குருவானவரும் சில வருடங்களில் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். வகுப்பு அவரோடு புறப்பட்டுவிடும். கொப்பியில் எழுதிய குறிப்பு மிஞ்சும், படிக்கும் பழக்கம் மிஞ்சாது.

ஆகவே வகுப்பை வருடம் முழுக்க ஓட்டாமல், கடினமான ஒரு புத்தகத்துக்கு நான்கு கிழமை என்று எல்லை கட்டுங்கள். போயா விடுமுறை ஒன்றில் காலை 9 மணி முதல் 12 மணி வரை இரண்டு அமர்வாக வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். கேள்விகளை ஒரு துண்டுக் கடதாசியில் பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். கையை உயர்த்தச் சொன்னால் இரண்டு கேள்வி வரும் இடத்தில், துண்டில் எழுதச் சொன்னால் கை நிறைய வரும்.

ஏழு படி

தென்னாபிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியக் கத்தோலிக்கப் பங்குகளுக்குப் பரவிய முறை இது. பாலையூற்றிலோ மனையாவெளியிலோ ஓர் அன்பியக் கூட்டத்துக்குப் போனவருக்குப் புதிதாக இருக்காது: ஆண்டவரை வரவேற்பது, பகுதியை வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லை எடுத்துச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்யவேண்டியதைத் தேடுவது, செபம். நாற்பத்தைந்து முதல் அறுபது நிமிடத்தில் முடியும். வேதாகமமும் மெழுகுதிரியும் இருந்தால் போதும், விசேட தயாரிப்பு வேண்டியதில்லை. கத்தோலிக்கருக்கு இன்னொரு வசதி: எந்தப் பகுதி என்று தேடத் தேவையில்லை. மூன்று ஆண்டுச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று வரும் ஞாயிறு நற்செய்தியை எடுத்தாலே போதும். வியாழன் மாலை குழுவில் கேட்டது ஞாயிறு திருப்பலியில் மறுபடி காதில் விழும்.

எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்கு இதைவிட நல்ல கதவு கிடையாது. மூன்றாம் படியில் ஒரு சொல் போதும். "அக்கரைக்கு" என்று ஒருவர் சொல்லி நிறுத்தலாம். எல்லாரும் சிறிது நேரம் அமைதியாக இருப்பார்கள். அவரும் வேதம் வாசித்தவர் ஆகிறார்.

கெட்டுப்போவது எங்கே என்றால், மூன்றாம் படியிலேயே ஒருவர் சொல்லை விட்டுவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கிவிடுவார். நடத்துபவர் அந்த இடத்திலேயே, கனிவோடு, "சொல்லை மட்டும், அண்ணை, விளக்கம் ஐந்தாம் படியில்" என்று நிறுத்தவேண்டும். ஒருநாள் விட்டால் அடுத்த கிழமை நான்கு பேர் பிரசங்கிப்பார்கள். ஐந்தாம் படியில் "நான்" என்று பேசவேண்டும், "நாங்கள் எல்லாரும் இப்பிடித்தான்", "இப்பத்தைப் பிள்ளையள்..." என்று தொடங்கினால் பகிர்வு புத்திமதியாக மாறும். ஆறாம் படி இன்னொரு பொறி. செய்யவேண்டியதைப் பேசுவது மெல்ல மெல்லத் திருவிழாக் கணக்கும் மரணவீட்டுக் கதிரைக் கணக்குமாக மாறி, இருபது நிமிடம் போய்விடும். அன்பியத்துக்கு அந்த வேலைகள் தேவைதான். செபம் முடிந்தபிறகு பேசுங்கள்.

பெரிய குறை இவை அல்ல. இந்த முறையில் பகுதியின் பொருளைச் சரிபார்க்க இடமில்லை. ஒருவருக்கு மனதில் பட்டது வசனம் சொல்லாத விடயமாக இருந்தாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். பலகாலம் இப்படியே ஓடினால் எல்லாப் பகுதியும் "கடவுளை நம்பவேணும்" என்ற ஒரே பாடத்தில் வந்து முடியும். வாசிப்புக்கு முன் இரண்டு நிமிடம், யார் யாருக்கு எப்போது சொன்னது என்ற குறிப்பை ஒருவர் வாசிப்பது ஓரளவு உதவும். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னால் உள்ள முன்னுரையே அதற்குப் போதும்.

கேள்வி வழிப் படிப்பு

எங்கள் விருப்பம் இதன் பக்கம்தான், மறைக்கவேண்டியதில்லை. ஒரு சிறு புத்தகத்தையோ பெரிய புத்தகத்தின் பாதியையோ எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் மூன்று விடயம் கேட்பது: இங்கே என்ன எழுதியிருக்கிறது, அதன் பொருள் என்ன, அது எங்களிடம் என்ன கேட்கிறது. வரிசை முக்கியம். எங்கள் குழுக்கள் முதலாவதைத் தாண்டி நேரே மூன்றாவதுக்கு ஓடுகின்றன. வசனத்தைப் பார்க்கு முன்பே அதிலிருந்து பாடம் எடுக்கிறோம்.

மாற்கு 4:35 முதல் 41 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழே வசனம். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் ஆபத்தான பகுதி. தெரிந்த கதையை ஒருவரும் வாசிப்பதில்லை. "என்ன எழுதியிருக்கிறது?" என்று விடாமல் கேட்டால்தான் கண் திறக்கும். வேறு படவுகளும் கூடப் போனதாக 36ஆம் வசனம் சொல்கிறது. ஞாயிறு பள்ளிப் படங்களில் அவை இல்லை. 38இல் இயேசு படுத்திருந்த இடத்தைப் புரட்டஸ்தாந்து சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு "பின்னணியம்" என்கிறது. ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்காது. வள்ளத்தின் முன்பக்கத்தை அணியம் என்று சொல்லிப் பழகிய கடற்றொழிலாளருக்கு ஒரு நொடியில் விளங்கும். அந்த நொடியில் குழுவின் ஆசிரியர் அவர்தான். நடத்துபவர் வாயை மூடிக்கொண்டு, "கடல் அடிக்கிற நேரம் பின்னணியத்தில ஒருத்தர் நித்திரை கொள்ளலாமா?" என்று கேட்டால் போதும், பத்து நிமிடம் அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள்.

பிறகு 39. இயேசு காற்றை "அதட்டி" என்று இருக்கிறது. இதே சொல் மாற்கு 1:25இல், அசுத்த ஆவியிடம் அவர் பேசிய இடத்திலும் வருகிறது. ஒரே புத்தகத்தைத் தொடர்ந்து படிக்கும் குழுதான் இதைப் பிடிக்கும். கிழமைக்கு ஒரு தலைப்பு என்று தாவுகிற குழுவுக்குத் தெரியவராது. இன்னொன்றும் உண்டு. பலத்த சுழல்காற்று, மிகுந்த அமைதல், மிகவும் பயந்து என்று தமிழில் மூன்று விதமாக வருகிற இடங்களில் கிரேக்கத்தில் பெரிய என்ற ஒரே சொல்தான் மூன்று தரமும். பெரிய காற்று, பெரிய அமைதி, பெரிய பயம். காற்று நின்றபிறகுதான் பெரிய பயம் வருகிறது. ஏன்? இந்த ஒரு கேள்வி இருபது நிமிடம் தாங்கும்.

பின்னணித் தகவலை அளவாகக் கொடுங்கள். கலிலேயாக் கடல் உப்புக்கடல் அல்ல. ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி, கடல்மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. சுற்றியுள்ள மேட்டிலிருந்து காற்று திடீரென இறங்கும். "அக்கரைக்குப் போவோம்" என்பதை மூதூருக்கு லோஞ்ச் ஏறுவதோடு ஒப்பிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் மேலதிக விளக்கம் தேவைப்படாது.

இந்தப் பகுதியைத் திருகோணமலையில் படிக்கும்போது ஒன்றுக்கு ஆயத்தமாக இருங்கள். 2004 மார்கழி 26இல் கடல் எடுத்துக்கொண்டவர்களின் உறவுகள் குழுவில் இருக்கலாம். யுத்தத்தில் காணாமற்போனவரின் தாய் இருக்கலாம். "அண்டைக்கு ஏன் அவர் கடலை அதட்டேல்லை?" என்ற கேள்வி வரும். வாயால் வராவிட்டால் கண்ணீராக வரும். நடத்துபவர் பதில் சொல்லக்கூடாது. கடவுளின் சித்தம் என்றோ விசுவாசம் போதவில்லை என்றோ யாரையும் சொல்லவிடவும் கூடாது. படவில் இருந்தவர்களே "உமக்குக் கவலையில்லையா" என்று கேட்டார்கள், இயேசு அவர்களைக் கரையில் இறக்கிவிடவில்லை என்பதைக் காட்டலாம், அதற்குமேல் போகவேண்டாம். சிறிது மௌனம் இருந்துவிட்டு 13ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். ஆறு வசனம்தான். "எதுவரைக்கும்" என்று முறையிட வேதத்திலேயே இடம் இருக்கிறது என்பதை அது காட்டும். அன்றைக்கு மீதிக் கேள்விகளை விட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கு 75 நிமிடம். பாட்டுக்கும் தொடக்க ஜெபத்துக்கும் 5, இரண்டு தடவை வாசிக்க 8, மௌனமாகக் குறியிட 4, கவனித்தலுக்கு 20, பொருளுக்கு 18, வாழ்வுக்கு 10, ஜெபத்துக்கு 10. பாட்டு மூன்றாகப் பெருகினால் கவனித்தல்தான் வெட்டுப்படும், அதோடு முறையே போய்விடும். வட்டமாக ஆளுக்கு ஒரு வசனம் வாசிப்பதைத் தவிருங்கள். வாசிக்கத் தடுமாறுபவர் தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார், ஒன்றும் கேட்காது. அடுத்த கிழமை வரமாட்டார். நன்றாக வாசிக்கும் ஒருவர் முழுப் பகுதியையும் வாசிக்கட்டும், இரண்டாம் தடவை இன்னொருவர்.

பகுதியை ஒரு ஏ4 தாளில் 14 அளவு எழுத்தில், வரிக்கிடையே இடம் விட்டு, ஓரத்தில் மூன்று விரல் அகலம் விட்டு அச்சிட்டு போட்டோக்கொப்பி எடுங்கள். விளங்காத இடத்தில் கேள்விக்குறி, மீண்டும் வரும் சொல்லைச் சுற்றி வட்டம், மனதில் தைத்த இடத்தில் கோடு. வேதாகமத்தில் பேனை வைக்கத் தயங்குபவர்கள் தாளில் தயங்காமல் வரைவார்கள். ஏழிலிருந்து இருபத்துமூன்று வசனம் வரை ஓர் அமர்வு தாங்கும். அதற்கு மேல் போனால் மேலோட்டமாகும்.

நடத்துபவர் எட்டுக் கேள்வி எழுதிக்கொண்டு போனால் ஐந்துதான் பயன்படும். "ஆம்", "இல்லை" என்று முடிகிற கேள்வியை வீட்டிலேயே வெட்டிவிடுங்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி மிக நீளமாகத் தோன்றும். அநேகர் நான்காம் நொடியில் தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். குழு அதைப் பழகிக்கொள்ளும்: காத்திருந்தால் ஐயாவே சொல்லுவார்.

இந்த முறையின் பலவீனம் தயாரிப்பு. முதல் சில அமர்வுகளுக்கு மூன்று மணி நேரம் வேண்டும், பழகியபின் இரண்டு. அதைத் தர ஆள் இல்லாத சபை இதைத் தொடங்கவேண்டாம், ஏழு படி முறைக்குப் போகட்டும். இன்னொரு ஆபத்து, படித்தவர்கள் கையில் இது ஒரு பரீட்சையாக மாறுவது. ஆசிரியர்கள் நிறைந்த ஊர் இது. கேள்வி கேட்டு, பதிலைத் திருத்தி, "சரி, அடுத்தவர்" என்று ஓட்டினால் வாசிக்கத் தெரியாதவர் மறுபடி கடைசி வாங்குக்குப் போய்விடுவார். பதில் பிழையாகத் தோன்றினால் "அது எந்த வசனத்தில இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். திருத்துவது வசனத்தின் வேலை.

பாடக்கொப்பியும் போனும்

அச்சிட்ட பாடக்கொப்பி தயாரிப்பு நேரத்தை மிச்சப்படுத்தும். புதிதாக நடத்துபவருக்கு ஊன்றுகோல். ஆனால் வெற்றிடம் நிரப்பும் கேள்விகள் நிறைந்தவற்றை வாங்கவேண்டாம். வசனத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கோட்டில் எழுதுவது படிப்பு ஆகாது. பல கொப்பிகள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை, உதாரணங்கள் எங்கள் வீட்டில் நடக்காதவை. வாங்குமுன் ஒரு பாடத்தை ஆகக் குறைவாகப் படித்தவரிடம் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் குழு, படிப்பைத் தாங்காது. நாலு நாளில் காலை வணக்கப் படங்களும் அனுப்பிய செய்திகளும் நிரம்பிவிடும். துணையாக வைத்தால் நல்லது: புதன்கிழமை அந்தக் கிழமைப் பகுதியை ஒருவர் குரல் பதிவாக வாசித்து அனுப்பட்டும். மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். சமையலறையிலும் ஓட்டோவிலும் கேட்பார்கள்; வாசிக்கச் சிரமப்படுபவரும் சனிக்கிழமை கதையைத் தெரிந்துகொண்டு வருவார். குழுவில் நிர்வாகி மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள்.

ஸூம் தேவைப்படுவது குடும்பம் சிதறியவர்களுக்கு. கணவர் கட்டாரில், மகள் ரொறொன்ரோவில் என்றால் அதுதான் வழி. இங்கே சனி இரவு 8 மணி, தோகாவில் மாலை 5.30, லண்டனில் பிற்பகல் 2.30 அல்லது கோடையில் 3.30, ரொறொன்ரோவில் காலை 9.30 அல்லது கோடையில் 10.30. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் துண்டிக்கும், ஆகவே ஏழு எட்டு வசனத்துக்கு மேல் எடுக்கவேண்டாம். நேரில் கூடும் குழுவோடு இதைக் கலக்காதீர்கள். ஒரு போனை மேசையில் நிறுத்தி நாலு பேரைத் திரையில் வைத்தால், அறையில் இருப்பவர்கள் போனுக்குப் பேசுவார்கள், ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள்.

எந்த வேதாகமம்?

இதை முதல் நாளே தீர்க்காவிட்டால் மூன்றாம் நாள் முட்டும். புரட்டஸ்தாந்து சபைகளில் கையிலிருப்பது 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் என்பவரின் மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய நூல். கத்தோலிக்கர் கையில் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம். ஒன்றில் சங்கீதம், மற்றதில் திருப்பாடல்கள், ஒன்றில் அப்போஸ்தலர் நடபடிகள், மற்றதில் திருத்தூதர் பணிகள், கர்த்தர், ஆண்டவர், ஞானஸ்நானம், திருமுழுக்கு. ஆதியாகமத்தைத் திறக்கச் சொன்னால் கத்தோலிக்கப் பிள்ளை தொடக்க நூலைத் தேடிக்கொண்டிருக்கும். கலப்புத் திருமணம் நிறைந்த ஊரில் இரண்டும் ஒரே வீட்டு அலுமாரியில் இருக்கும்.

பழையதன் பலம் காது. மனப்பாடமானது, பாட்டுகளில் கலந்தது, மூத்தவர்கள் ஜெபிக்கும் மொழி. புதியதன் பலம் தெளிவு; பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதல் வாசிப்பிலேயே பிடிபடும். பொருளறியத் திருவிவிலியம், மனதில் வைக்கப் பழைய மொழிபெயர்ப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அச்சிட்ட தாளில் ஒன்று, இரண்டாம் வாசிப்பில் மற்றது.

ஒரு சிக்கல் கட்டாயம் வரும். மாற்கு 9:44, 46, 11:26, 15:28 ஆகிய வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கின்றன, பழமையான கையெழுத்துப் பிரதிகளைப் பின்பற்றும் மொழிபெயர்ப்புகளில் இல்லை அல்லது அடிக்குறிப்பில் இருக்கின்றன. "என்ர வேதத்தில 44 இல்லை, யாரோ வெட்டிப்போட்டாங்கள்" என்று ஒருவர் சொன்னால் படிப்பு அன்றைக்கு அங்கேயே நின்றுவிடும். அச்சு இல்லாத காலத்தில் கையால் படி எடுத்தார்கள், சில படிகளில் விளக்க வரிகள் சேர்ந்தன, பின்னர் அவற்றைவிடப் பழைய படிகள் கிடைத்தன என்று முன்கூட்டியே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். 9:44உம் 46உம் சொல்வது 48இல் அப்படியே இருக்கிறது, ஒன்றும் தொலையவில்லை என்பதைத் திறந்து காட்டுங்கள்.

பல சபையார் கூடும் குழுவானால், மரியாள், குழந்தை ஞானஸ்நானம், அந்நிய பாஷை ஆகிய மூன்றையும் குழு நடக்கும் எட்டுக் கிழமைக்கு எடுப்பதில்லை என்று முதல்நாளே எல்லார் வாயாலும் சம்மதம் வாங்குங்கள்.

வீடும் நாளும்

ஆலய ஹோலில் மின்விசிறியும் கதிரையும் இருக்கும், ஆனால் வரிசையாகப் போட்ட கதிரை வகுப்பைத்தான் உண்டாக்கும். வீட்டில் பாயில் வட்டமாக இருந்தால் பேச்சு தானாக வரும். ஆறு முதல் பத்துப் பேர் சரியான அளவு. பன்னிரண்டைத் தொட்டதும் இரண்டாகப் பிரியுங்கள், பாசத்தைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். பன்னிரண்டு பேரில் நாலு பேர் பேசுவார்கள். ஆறு பேரில் ஆறு பேரும் பேசுவார்கள்.

வீட்டுக்குழுக்களைக் கொல்வது சிற்றுண்டி. முதல் வீட்டில் பிஸ்கட், இரண்டாம் வீட்டில் வடை, மூன்றாம் வீட்டில் ரோல்ஸும் கேக்கும். நாலாம் வீட்டு அம்மா கையில் காசில்லாமல், "எங்கட வீட்டில இந்தக் கிழமை வசதியில்லை" என்பார். பிறகு வரவும் மாட்டார். பிளேன் தேத்தண்ணீர், ஒரு பக்கெற் பிஸ்கட், இதற்கு மேல் எந்த வீட்டிலும் இல்லை என்பதைச் சட்டமாகவே வையுங்கள். வசதியுள்ள வீடு முதலில் அதைக் காத்துக் காட்டவேண்டும்.

சுற்றிவர இந்துக்களும் முஸ்லிம்களும் வாழும் ஒழுங்கை. ஒலிபெருக்கி வேண்டாம், கைதட்டிப் பாடும் பாட்டை ஆலயத்துக்கு வையுங்கள், மோட்டார் சைக்கிளை அடுத்த வீட்டுப் படலையை மறித்து நிறுத்தவேண்டாம். முதல் கூட்டத்துக்கு முந்திய நாள் வீட்டுக்காரர் இரு பக்கத்து வீட்டுக்கும் போய், யார் வருவார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டு வரட்டும். மதம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் சொல்லாமல் செய்வதால்தான் முளைக்கிறது.

நாளைப் பொறுத்தவரை, மாலையில் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். உத்தியோகத்தர் நேரம் மாற்றிக்கொள்ளலாம், கடல் மாற்றிக்கொள்ளாது. சனி 4.30 முதல் 5.45 வரை பல இடங்களுக்குப் பொருந்தும். பெண்களும் பிள்ளைகளும் இருட்டுமுன் வீடு போய்விடலாம். ரியூசன் குறுக்கே நிற்குமானால் ஞாயிறு 4 மணி. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை மழை. சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கமிருந்து வருபவர்களை எதிர்பார்க்கமுடியாது. தையின் கடைசியில் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறுக்கு முன் முடிப்பது ஆக வசதியான எட்டுக் கிழமை. சிறுபிள்ளைகள் இருந்தால், முறை போட்டு ஒருவர் பக்கத்து அறையில் அதே பகுதியைக் கதையாகச் சொல்லட்டும். தாய்மார் மடியில் பிள்ளையோடு வேதம் படிக்கலாம் என்று நினைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எட்டுக் கிழமைக்கு ஒரு திட்டம்

கேள்வி வழியைத் தெரிந்தால் மாற்குவின் முதல் பாதி நல்ல தொடக்கம்: 1:14-20, 2:1-12, 4:1-20, 4:35-41, 5:21-43, 6:30-44, 7:24-30, 8:27-38. முதல் கிழமையே, செபெதேயுவின் படவில் கூலியாட்கள் இருந்தார்கள் என்ற 1:20ஐக் காட்டுங்கள். சீமோன் வீட்டுக்கு அப்படிச் சொல்லப்படவில்லை. சம்மாட்டி (படகு முதலாளி) யார், கூலிக்குப் போகிறவர் யார் என்று தெரிந்த ஊருக்கு இது சிறிய விடயம் அல்ல. பெரும்பாலும் பெண்கள் உள்ள குழுவுக்கு நாலு அதிகாரமே கொண்ட ரூத். சபைக்குள் மனத்தாங்கல் இருந்தால் பிலிப்பியர், ஆனால் 4:2இல் வரும் இரண்டு பெண்களின் பிணக்கை யாரையும் குறிவைத்துப் பேசவிடாதீர்கள்.

இரண்டு பேர் சேர்ந்து நடத்துங்கள். ஒருவர் கேட்க, மற்றவர் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே, பேசும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடட்டும். நடத்துபவரின் கோடுகள் மொத்தத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த கிழமை அவர் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இருக்கவேண்டும். ஒரு பெயருக்கு நேரே இரண்டு கிழமை கோடே இல்லையென்றால், அந்த ஆளை எல்லாருக்கும் முன்னால் கேட்காமல், தேத்தண்ணீர் நேரத்தில் பக்கத்தில் இருந்து, "எந்த இடம் விளங்கேல்லை?" என்று கேளுங்கள். ஐந்தாம் கிழமை மூன்றாவது ஆளிடம் அமர்வைக் கொடுங்கள், தடுமாறினாலும் இடையில் புகவேண்டாம்.

எட்டாம் கிழமை சொன்னபடி நிறுத்துங்கள். தொடர விருப்பமா என்று கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். இரண்டு கிழமை கழித்து ஒவ்வொருவராகத் தனியே கேட்டால்தான் உண்மை வரும். தொடர்ந்தால் 8:31இலிருந்து இரண்டாம் பாதி. அதன் கடைசி அமர்வில் 16:8இல் பெண்கள் பயந்து ஒன்றும் சொல்லாமல் ஓடுகிறார்கள்; பழமையான இரு பெரும் பிரதிகளில் புத்தகம் அங்கேயே முடிகிறது, எங்கள் வேதாகமத்தில் 20 வரை போகிறது. அதற்கு ஒரு பக்கக் குறிப்பை முந்திய கிழமையே உங்கள் குருவானவரிடம் காட்டி ஆயத்தமாக வைத்திருங்கள். அந்த நாளில் கேள்வி எங்கிருந்து வரும் என்று சொல்லமுடியாது. முதல் கிழமை வாயே திறக்காதவரிடமிருந்தும் வரலாம்.